எரிய மறுத்த மஞ்சள் விளக்கு

அத்தியாயம் 6

முக்கூடல் சாலையில், வாய்க்கால் பாலத்துக்கு இருபதடி முன்னால், தார் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன. பத்து நாள் வெயிலிலும் பஸ் சக்கரத்திலும் மங்கியிருந்தாலும் அழியவில்லை. ரூல்தடி வைத்து இழுத்ததுபோல நேராகப் போய், சாலையை விட்டு இறங்கி, இடதுபக்க மண் ஓரத்தில் முடிந்திருந்தன.

அந்த மண்ணில்தான் ஹமீது பீவி கார் மோதிச் செத்துக் கிடந்தாள். சுற்றி முடித்த பீடிக்கட்டுகளைத் தட்டில் அடுக்கி, கடையில் ஒப்படைக்க மகளோடு நடந்து போன பெண்.

"லாரிக்காரன் போட்ட தடம்னு காருக்குச் சொந்தக்காரரு, அந்தப் பேராசிரியர், வாக்குமூலத்துல சொல்லியிருக்காரு," என்றாள் ஞானசௌந்தரி. "அளந்து பாரு."

ஜீஷான் ஒரு சணல் கயிற்றைக் கோடுகளுக்குக் குறுக்கே பிடித்தான். "லாரின்னா பின்னால ரெட்டைச் சக்கரம்க்கா. தடமும் ரெட்டையா விழும். இது ஒத்தை ஒத்தையா இருக்கு. அகலமும் காரு அகலம். இதை லாரின்னு சொல்லுதவரு, ஆட்டுக்குட்டியைக் காட்டி யானைம்பாரு, துதிக்கையை நம்மளத் தேடச் சொல்லுவாரு."

ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளைத் துருவியவள். அந்த வேலையை விட்டுவிட்டுத் தச்சநல்லூரில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்து மூன்று வருடம் ஆகிறது. ரத்தம் பார்த்து அவளுக்குத் தலைசுற்றியதில்லை. பொய்யைப் பார்த்தால்தான் வயிற்றைப் புரட்டும். ஜீஷான் மேலப்பாளையத்துக்காரன், முன்பு கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்தவன். ஒயரைத் தொடும்போது மட்டும் வாயை மூடுவான் என்று பெயர்.

சற்றுத் தள்ளி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி நின்றாள் நஃபீஸத். செத்தவளின் மகள். இந்த வழக்கை ஞானசௌந்தரியிடம் கொண்டுவந்தவளே அவள்தான்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. என்ன பாத்த?"

"உம்மா மண்ணுலதான் நடந்தா. நான் ரெண்டு எட்டு பின்னால. வயக்காட்டுப் பாதையில இருந்து ஒரு பைக்கு குறுக்க வந்திட்டு. காரு கிரீச்சுன்னு அலறிச்சு. டிரைவரு தூங்கிட்டாருன்னு சொல்லுதாவல்லா, அவரு தூங்கல. கண்ணை அகல முழிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கமா ஒடிச்சாரு. முன்சக்கரம் ரெண்டும் திரும்பித்தான் இருந்துச்சு. வண்டி மட்டும் திரும்பல. நேரா உம்மா மேல வந்திட்டு."

"அவர்தான் காரணம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாவ. நீ ஏன் விடமாட்டேங்க?"

நஃபீஸத் தார்க் கோடுகளையே பார்த்தாள். "அந்த ஆளுக்குக் கேடு வரணும்னு தினமும் துஆ கேக்கச் சொல்லுதாவ வீட்ல. தப்பான ஆளுக்கு எதிரா கேட்டுட்டா அந்தப் பாவத்தை யாருக்கா சொமக்க?"

டிரைவர் தேவசிகாமணி பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். முந்தின நாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னது இரண்டே விஷயம். "அந்த வண்டியில பிரேக்கை ஓங்கி மிதிச்சா காலுக்கு அடியில டகடகன்னு தட்டும் மேடம். அன்னைக்குத் தட்டல, கல்லு மாதிரி நின்னுட்டு. இன்னொண்ணு, அந்த வாரம் திங்கக்கிழமை டேஷ்போர்டுல ரெண்டு மஞ்சள் விளக்கு அணையாம எரிஞ்சுது. இதைச் சரிபண்ணாம வண்டியை எடுக்க மாட்டேன்னு சார்கிட்ட சொன்னேன். புதங்கிழமை சாவியைக் குடுத்து, சரியாயிட்டு, எடுன்னாரு. பாத்தேன், விளக்கு எரியல. நம்பித்தான் எடுத்தேன்."

எரிந்து பிறகு எரியாமல் போன அந்த மஞ்சள் விளக்குகள்தான் ஞானசௌந்தரி கையில் இருந்த ஒரே நூல்.

*

பேராசிரியர் ஆவுடைநாயகம் தச்சநல்லூர் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டி, திருநீற்றுப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருடம். ஒரே மகள் விஜயஸ்ரீக்கு அடுத்த மாதம் கல்யாணம். மேஜை முழுக்க மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள்.

வந்த காரியத்தை ஞானசௌந்தரி மறைக்கவில்லை. இறந்தவளின் மகளுக்காக விசாரிப்பதாகச் சொன்னாள்.

"நல்லதுதான். அந்தப் பிள்ளைக்கும் உண்மை தெரியட்டும்," என்றார் அவர். சொல்லிக்கொண்டே கார்ச் சாவியை எடுத்து, அதன் நுனியைக் காதுக்குள் விட்டுப் பையத் திருகினார். ஒரு கண் சுகத்தில் சுருங்கியது. "பிரேக்குல இருக்குற ஏ.பி.எஸ். பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க சொல்லுங்க சார்."

"நாலு சக்கரத்துலயும் நாலு காவல்காரன் உக்காந்திருக்கான்னு வச்சிக்கிடுங்க. தன் சக்கரம் என்ன வேகத்துல சுத்துதுன்னு எண்ணிச் சொல்லுறது அவன் வேலை. அதுதான் சென்சார். நாம பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஒரு சக்கரம் சுத்துறதை நிறுத்திச் சறுக்க ஆரம்பிச்சா, காவல்காரன் உடனே தகவல் குடுப்பான். பெட்டிக்குள்ள இருக்குற மூளை அந்தச் சக்கரத்தை விட்டுப் பிடிக்கும், விட்டுப் பிடிக்கும். ஒரு விநாடிக்குப் பத்துப் பதினஞ்சு தடவை. அதான் காலுக்கு அடியில அந்த டகடக. எதுக்கு இவ்வளவு பாடு? உருளுற சக்கரம்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேக்கும். உருளாம இழுபடுற சக்கரத்தை நீங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி வந்த வழியிலேயேதான் போகும்."

நன்றாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்ததுபோல இருந்தது. பிறகு அவர் சாவியைக் காதிலிருந்து எடுத்து, நுனியைப் பார்த்து, வேட்டியில் துடைத்தார்.

"ஆக என் வண்டி சறுக்கித் தடம் போட வழியே இல்ல. திரும்பாம நேராப் போனதுக்கு ஒரே காரணம், அந்த ஆளு பிரேக்கைத் தொடல. தூங்கியிருக்கான். இல்லாட்டி அந்தப் பீடிக்காரப் பொம்பளை நடுரோட்டுக்கு வந்திருப்பா. அந்த சாதி ஜனம் ரோட்டைப் பாத்தா நடக்குது?"

ஜீஷான் தொண்டையைக் கனைத்தான். ஞானசௌந்தரி அவன் பக்கம் திரும்பவில்லை. "ரெண்டு மஞ்சள் விளக்கு எரிஞ்சதாமே சார்?"

"ஆமா. ஒண்ணு ஏ.பி.எஸ்., இன்னொண்ணு டிராக்‌ஷன் கண்ட்ரோல். அதுவும் இதே காவல்காரங்களை வச்சுத்தான் ஓடுது. ஆக்ஸிலேட்டரை அமுக்கும்போது ஒரு சக்கரம் சேத்துலயோ மணல்லயோ வீணாச் சுத்தினா, அந்தச் சக்கரத்தைப் பிடிச்சு, இஞ்சின் வேகத்தையும் குறைக்கும். ஒரு காவல்காரன் செத்தா ரெண்டுமே படுத்துரும், ரெண்டு விளக்கும் எரியும். பேட்டையில இஸ்ரவேல் பட்டறையில விட்டேன். சரி பண்ணிக் குடுத்தான். வண்டி இப்பவும் அங்கதான் கெடக்கு. போய்ப் பாருங்க, எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும்."

அந்தச் சாவியை அவளிடம் நீட்டினார்.

விஜயஸ்ரீ காபியும் ஜாங்கிரியும் கொண்டுவந்து வைத்தாள். நெற்றியில் கடுகளவு சிவப்புப் பொட்டு. தரையைப் பார்த்தே நின்றாள், தரையைப் பார்த்தே போனாள். "நிச்சயதார்த்தத்துல மிஞ்சினது. சாப்பிடுங்க," என்றார் பேராசிரியர். காபியின் மேல் ஆடை படிந்திருந்தது. ஞானசௌந்தரி எதையும் தொடாமல், கைக்குட்டையை விரித்துச் சாவியை வாங்கினாள்.

தெருவுக்கு வந்ததும் ஜீஷான் சொன்னான். "அக்கா, அந்தச் சாவியைப் போட்டா இஞ்சினு பேசுறது அவருக்கு மட்டும்தான் கேக்கும் போல. அவ்வளவு நெருங்கின பழக்கம்."

"பேசாம வண்டியை எடு. பேட்டைக்குப் போவோம்."

*

பேட்டைத் தொழிற்பேட்டையில் இஸ்ரவேலின் பட்டறைக்குப் பின்னால் அந்தக் கார் கிடந்தது. பாலத்துக் கல்லில் மோதி முகப்பு நசுங்கி, ஒரு முன்விளக்கு கண்ணைப் போலத் தொங்கியது. இஸ்ரவேல் அறுபது வயதுக்காரர். கையைத் துடைத்தபடி வந்தவர், சாவியைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

ஜீஷான் காரைச் சுற்றி வந்தான். இடது பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தவன், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இங்கன வாங்க."

சக்கரத்தின் உள்பக்கம் சேறும் துருவும் அப்பியிருந்தன. அதன் நடுவே ஒரே ஒரு ஒயர் மட்டும் பளபளவென்று புதிதாக ஓடியது. அதன் முனையில் விரல் அளவு சென்சார். அதுவும் புதிது.

"மூஞ்சி ஒடைஞ்சு தொங்குது. அதை ஒருத்தரும் தொடல," என்றான் ஜீஷான். "ஆனா காதுக்கு மட்டும் புதுக் கம்மல் போட்டிருக்காவ. என்ன விசேஷம் அண்ணாச்சி?"

இஸ்ரவேல் கையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஜீஷான் தான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்தான். ஞானசௌந்தரி சாவியைப் போட்டுப் பாதி திருப்பினாள். டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் வரிசையாக எரிந்தன. கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஏ.பி.எஸ். விளக்கு எங்க?"

"வேலை செய்யுதுன்னா எரியாதுல்லா?" என்றார் இஸ்ரவேல், முதல் தடவையாக வாயைத் திறந்து.

"எரியணும் அண்ணாச்சி, உங்களுக்கே தெரியும்," என்றான் ஜீஷான். "சாவியைத் திருப்பினதும் எல்லா விளக்கும் மூணு விநாடி எரியணும். நான் உசுரோட இருக்கேன்னு காட்டிட்டு அப்புறம் அணையணும். வகுப்புல 'உள்ளேன் ஐயா' சொல்லுத மாதிரி. இங்கன ரெண்டு பேரு மட்டும் உள்ளேன்னே சொல்லல. யாரோ வாயைப் பொத்தியிருக்காவ. நீங்க பொத்தினதா?"

"ஏலே ஜீஷான், வார்த்தையை அளந்து பேசு," என்றார் இஸ்ரவேல். உள்ளே போனவர், ஒரு ரசீதுப் புத்தகத்தோடு வந்து கார்பன் நகலை விரித்துக் காட்டினார். திங்கட்கிழமைத் தேதி. அவருடைய உருண்டைக் கையெழுத்து: 'இடது பின்சக்கர சென்சார் போய்விட்டது. ஏ.பி.எஸ். வேலை செய்யாது. பாகம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.' கீழே ஆவுடைநாயகத்தின் கையொப்பம்.

"அப்படின்னா வண்டி சரியாகாமத்தான் வெளிய போச்சு."

"ஆமா. செவ்வாக்கிழமை வந்து, நாளைக்கழிச்சு நிச்சயதார்த்தம், சும்மா எரியுத அந்த விளக்கை மட்டும் அணைச்சுக் குடும்னு கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். கோவத்துல வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை இந்தச் சம்பவம். ஞாயித்துக்கிழமை பார்சல் வந்திட்டு. மாட்டும்னாரு, மாட்டினேன்."

"ஆளு செத்த பெறகு."

"ஆமா."

"இந்தச் சீட்டு உங்ககிட்ட ரெண்டு வாரமா இருக்கு. தேவசிகாமணி ஜெயில்ல இருக்காருன்னும் தெரியும். போலீஸ்ல ஏன் சொல்லல?"

இஸ்ரவேல் ரசீதுப் புத்தகத்தை மூடினார். "யாரும் கேக்கலயேம்மா."

ஞானசௌந்தரி பட்டறை வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். கெட்டவனைப் பார்த்து வரும் வெறுப்பு ஒரு மாதிரி. கெட்டதைத் தடுக்கக்கூடிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த நல்லவனைப் பார்த்து வரும் வெறுப்பு அதைவிடப் பிசுபிசுப்பானது, கழுவினாலும் போகாது.

"அக்கா," ஜீஷான் காருக்குள்ளிருந்து கூப்பிட்டான். அவன் டார்ச்சை டேஷ்போர்டுக் கண்ணாடியின் மேல் சாய்வாகப் பிடித்திருந்தான். "உள்பக்கம் பாருங்க. வெளிச்சம் பட்டும் மினுங்காம ரெண்டு எடம்."

கண்ணாடிக்கு உள்ளே, கறுப்புத் தகட்டின் மேல், இரண்டு கறுப்பு வட்டங்கள். ஒரே அளவு. அச்சில் வார்த்த மாதிரி சுத்தமான விளிம்பு. மேலே மெல்லிய வெல்வெட்டு மயிர்.

"இன்சுலேஷன் டேப்பு இல்ல," என்றான் அவன் மெதுவாக. "ஸ்டிக்கர் பொட்டு."

"தொடாத. என் போன்ல அப்படியே படம் எடு, அந்தச் சீட்டையும்."

அவன் எடுத்தான். அதற்குமேல் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப பாருங்க. டிரைவர் வீடு சர்ச்சுக்குப் போற வேதக்கார வீடு. பொட்டு கெடையாது. இஸ்ரவேல் அண்ணாச்சி வீட்லயும் கெடையாது. எங்க வீட்ல தேடினா கண்ணுக்குப் போடுத சுர்மாதான் கெடைக்கும். மிச்சம் இருக்கது நீங்கதான் அக்கா. எங்க இருந்தீங்க அந்தச் செவ்வாக்கிழமை?"

"இன்னொரு வீடு இருக்கு," என்றாள் ஞானசௌந்தரி.

"அங்க இயற்பியல் படிச்ச, ரேடியோவையே பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச பேராசிரியரும் இருக்காரு. இந்தக் கண்ணாடியைக் கழட்ட ஒரு ஸ்குரூடிரைவர் போதும்."

*

மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் மறுபடி போனபோது பேராசிரியர் அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று நிமிராமலே கேட்டார்.

ஞானசௌந்தரி அதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "விஜயஸ்ரீ, என் பொட்டு எங்கயோ விழுந்துட்டு. ஒண்ணு குடும்மா."

அவள் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். சிவப்புப் பொட்டு அட்டைகள் நாலைந்து. அடியில் ஒரு கறுப்பு வெல்வெட் அட்டை. பெரிய அளவு, அவளுடைய நெற்றிக்குப் பொருந்தாத அளவு. பன்னிரண்டு பொட்டுக்கான அட்டையில் பத்துதான் இருந்தது. முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெறும் வட்டங்கள்.

"இது உன்னோடதா?"

"அம்மாவோடது," என்றாள் அவள். "நான் வைக்கிறதில்ல. அம்மா எடுத்தது போக மிச்சமிருந்த கடைசி அட்டை. முழுசா இருந்துச்சு."

"அப்ப இந்த ரெண்டை யாரு எடுத்தா?"

"அப்பா கேட்டாங்க." சொன்ன பிறகுதான் அவள் ஞானசௌந்தரியின் முகத்தைப் பார்த்தாள். "காருல விளக்கு பழுதாகித் தப்பா எரியுது, பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல, கண்ணை உறுத்துதுன்னாங்க. கண்ணாடியைக் கழட்டி ஒட்டினாங்க. நான்தான் டார்ச் பிடிச்சேன்."

பேராசிரியரின் பேனா நின்றுவிட்டது.

"பிரேக்குக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னீங்க அப்பா?"

ஞானசௌந்தரி கைப்பேசியில் இரண்டு படங்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒன்று கறுப்பு வட்டங்கள். இன்னொன்று அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு. விஜயஸ்ரீ குனிந்து சீட்டை வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. 'அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்' என்ற இடத்தில் அசைவு நின்றது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் ஞானசௌந்தரிக்குத் தாங்கவில்லை.

"உனக்காகத்தாம்மா. நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக் கார்ல போய் இறங்கினா உன் மாமனார் வீட்ல என்ன நெனைப்பாவ? அந்த டிரைவர் விளக்கைப் பாத்தா வண்டியை எடுக்கமாட்டேன்னு அடம்பிடிக்கான். ஒரு வாரந்தான். சாதா பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்துல எந்த வண்டியில ஏ.பி.எஸ். இருந்துச்சு? அந்த ஒரு வாரமும் பைய ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"பைய ஓட்டச் சொன்னீங்களா அவர்கிட்ட?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"சொன்னா ஏன்னு கேப்பான்."

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் ஜீஷான்கூட வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கொலை செய்தவர்களை ஞானசௌந்தரி பார்த்திருக்கிறாள். அவர்களில் சிலருக்கு ராத்திரி தூக்கம் வராது, சிலர் அழுவார்கள். இவர் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளும் அதே காரில் சொந்தக்காரர்களை முக்கூடலுக்கு அனுப்பிவைத்தவர். சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த மனிதர். அதே அறிவை எடுத்துத்தான் காலையில் தேவசிகாமணியின் கழுத்தில் மாட்டினார்.

"அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்யணுமோ நான் செஞ்சிருதேன்," என்றார் பேராசிரியர், இப்போது மகளிடம். "டிரைவருக்கும் நல்ல வக்கீலா வச்சுக் குடுக்கேன். நீ டார்ச் பிடிச்சதை யாரும் கேக்கப் போறதில்ல. நீயா ஏன் சொல்லணும்? கல்யாணம் நின்னு போகும், யோசிச்சுப் பாரு. இங்கன வா, உக்காரு."

மகளின் தோளைத் தொட அவர் கையை நீட்டினார். விஜயஸ்ரீ பின்னால் நகர்ந்தாள். சுவரில் ஊர்ந்து வந்த எதன் மேலோ கை படப்போனதுபோல உடம்பே சுருங்கி விலகியது. உள்ளே போய் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பொட்டு அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, ஸ்டேஷனுக்கு எந்தப் பஸ்ல போகணும்?"

"நம்ம வண்டியிலயே வாம்மா," என்றான் ஜீஷான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "அந்த அம்மா உடனே போயிட்டாங்களா?" ஞானசௌந்தரி பொய் சொல்ல நினைத்தாள். இந்த ஒரு நாளில் கேட்ட பொய்யே போதும் என்று தோன்றியது. "இல்ல, கொஞ்ச நேரம் இருந்திருக்கா. மக மடியில," என்றாள். விஜயஸ்ரீ தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, பேனாவை உதறிக்கொண்டார்.

"பேரு?"

"விஜயஸ்ரீ."

"வயசு?"

"இருபத்தாறு."

"தகப்பனார் பேரு?"

அவள் பொட்டு அட்டையை மேஜை மேல் வைத்தாள்.

"அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."